விகிதமுறு சார்புகளின் வரைபடங்கள்: ஒரு வரலாறு

விகிதமுறு சார்பு என்பது ஒரு பல்லுறுப்புக்கோவையை மற்றொரு பல்லுறுப்புக்கோவையால் வகுக்கக் கிடைக்கும் சார்பு ஆகும். இதன் வரைபடத்தை வரைவதற்கு வகுப்பறைகளில் ஒரு வரிசைமுறை கற்பிக்கப்படுகிறது. பகுதி சுழியாகும் இடங்களைக் கண்டுபிடித்து அங்கே செங்குத்துக் கோடுகள் வரைய வேண்டும். தொகுதியைப் பகுதியால் வகுத்து ஈவைப் பார்க்க வேண்டும். அச்சுகளை வெட்டும் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். அதன்பின் வளைவரையை இழுக்க வேண்டும். பழகிய மாணவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆனால் இந்தப் படிகள் ஒன்றுசேர்ந்து இன்றைய வடிவை அடைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது: பகுதி சுழியாகும் இடத்தில் வளைவரைக்கு என்ன ஆகிறது?

இக்கட்டுரையில் கிடையச்சின் வழியே அளக்கும் தூரம் கி என்றும், அதற்குச் செங்குத்தாக அளக்கும் உயரம் நி என்றும் குறிக்கப்படுகின்றன.

கிரேக்கர்களின் அதிபரவளையம்

மிக எளிய விகிதமுறு சார்பு நி = 1/கி. இதன் வரைபடம் அதிபரவளையம். சமன்பாடு என்ற கருத்தே இல்லாத காலத்தில் இந்த வளைவரை கணிதத்துக்குள் வந்துவிட்டது. கிமு 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெனக்மஸ், ஒரு கனசதுரத்தின் கன அளவை இரட்டிப்பாக்கும் சிக்கலைத் தீர்க்க, ஒரு பரவளையத்தையும் ஒரு அதிபரவளையத்தையும் வெட்டவிட்டார். அவருக்கு அது கூம்பை ஒரு தளத்தால் வெட்டக் கிடைத்த கோடு.

கிமு 200ஐ ஒட்டி வாழ்ந்த பெர்கா நகர அப்பலோனியஸ் தம் 'கூம்பு வெட்டுகள்' நூலின் இரண்டாம் பகுதியை, வளைவரையை நெருங்கிக்கொண்டே செல்லும் நேர்கோடுகளை வைத்துத் தொடங்கினார். எவ்வளவு சிறிய தூரத்தைச் சொன்னாலும், வளைவரையும் கோடும் அதைவிட நெருங்கிவிடும். ஆயினும் சந்திப்பதில்லை என்று அவர் நிறுவினார். எல்லை என்ற கருத்து ஐரோப்பாவில் சீராக வரையறுக்கப்படுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே, அதன் சாரம் இந்த ஒரு தேற்றத்தில் இருக்கிறது.

அக்கோடுகளுக்குக் கிரேக்கர் வைத்த பெயருக்கு 'ஒன்றுசேராதது' என்று பொருள். தமிழில் நாம் 'தொலைத்தொடுகோடு' என்கிறோம், அதாவது தொலைவில் தொடும் கோடு. ஒரு பெயர் சேராது என்கிறது, மற்றது தொடும் என்கிறது. தமிழ்ப் பெயர் பிழையானதன்று. 1639இல் பிரெஞ்சுக் கணிதர் டெசார்க், முடிவிலியில் ஒரு புள்ளி இருப்பதாகக் கொண்டு, இக்கோடுகள் அந்தப் புள்ளியில் வளைவரையைத் தொடுகின்றன என்றே விளக்கினார். நம் கலைச்சொல் அப்பலோனியஸைவிட டெசார்க்குக்கு நெருக்கமானது.

கிரேக்கர்களிடம் ஒரு குறை இருந்தது. இன்று அதிபரவளையத்தின் இரண்டு கிளைகள் என்று சொல்வதை அப்பலோனியஸ் ஒரே வளைவரையாகக் கருதவில்லை. அவருக்கு ஒரு கிளைதான் அதிபரவளையம். இரண்டும் சேர்ந்தால் 'எதிரெதிர் வெட்டுகள்'. குறை எண்கள் இல்லாத கணிதத்தில் இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கட்ட வழியில்லை.

முடிவிலிக்கு அப்பால் என்ன?

1637இல் டேக்கார்ட் தம் 'வடிவியல்' நூலை வெளியிட்டார். அதே காலத்தில் ஃபெர்மாவும் இரண்டு தெரியாக் கணியங்கள் கொண்ட சமன்பாடு ஒரு வளைவரையைத் தரும் என்று எழுதினார். அவர் எழுதியது அச்சானது அவர் இறந்த பின், 1679இல். இப்போது 1/கி ஒரு சமன்பாடாகிவிட்டது. ஆனாலும் இருவரும் பெரும்பாலும் மிகை எண்களோடு நின்றுகொண்டனர். வரைபடத்தின் பாதி இன்னும் இருட்டில்தான் இருந்தது.

வலப்பக்கத்துக் கிளை மட்டுமே போதிய வியப்பைத் தந்தது. டோரிசெல்லி 1644இல் வெளியிட்ட நூலில், அதிபரவளையத்தின் ஒரு பகுதியை அதன் தொலைத்தொடுகோட்டைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் கூரிய திண்மத்தைப் பற்றி எழுதினார். அதன் நீளத்துக்கு முடிவில்லை. கன அளவோ முடிவுள்ளது. முடிவில்லாத ஒன்றை அளக்க முடியுமா என்று தத்துவவாதிகளும் கணிதர்களும் பல ஆண்டுகள் மோதிக்கொண்டனர்.

இடப்பக்கத்தில் கால் வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் வாலிஸ். முடிவிலிக்கு இன்று நாம் எழுதும், படுத்த எட்டுப் போன்ற குறியை 1655இல் அச்சில் கொண்டுவந்தவர் இவரே. அடுத்த ஆண்டு வெளிவந்த நூலில் அவர் இப்படி வாதிட்டார்: ஒன்றை மூன்றால் வகுத்தால் கிடைப்பதைவிட இரண்டால் வகுத்தால் கிடைப்பது பெரிது, ஒன்றால் வகுத்தால் அதைவிடப் பெரிது, சுழியால் வகுத்தால் முடிவிலி. பகுதி குறையக் குறைய விடை கூடுகிறது. சுழியைவிடச் சிறியது குறை எண். ஆகவே ஒன்றைக் குறை எண்ணால் வகுத்தால் கிடைப்பது முடிவிலியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இன்று ஒரு மாணவர் இப்படி எழுதினால் சிவப்பு மையால் அடிபடும். ஒன்றைக் குறை ஒன்றால் வகுத்தால் குறை ஒன்று; அது முடிவிலியைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆனால் வாலிஸ் சந்தித்த சிக்கல் உண்மையானது. வலப்பக்கமிருந்து சுழியை நோக்கி வரும் வளைவரை மேலே மறைகிறது. சுழியைக் கடந்ததும் கீழிருந்து தோன்றுகிறது. இடையில் என்ன நடந்தது? டெசார்க்கின் வழியில் சென்றால், மேலேயும் கீழேயும் உள்ள முடிவிலி ஒரே புள்ளி; வளைவரை அதன் வழியாகத்தான் கடந்து சென்றது. அந்தக் கண்ணோட்டத்தில் வாலிஸ் பார்த்தது வழியைச் சரியாக. பிழைத்தது 'பெரிது' என்ற சொல்.

நியூட்டனின் திரிசூலம்

குறை எண்களையும் சேர்த்து, நான்கு கால்பகுதிகளிலும் வளைவரைகளை முறையாக வரைந்து காட்டிய பெரிய முயற்சி ஐசக் நியூட்டனுடையது. இளவயதில் 1660களிலேயே முப்படிச் சமன்பாடுகளின் வளைவரைகளை ஆராயத் தொடங்கியவர், பலமுறை திருத்திய பின் 1704இல் 'ஒளியியல்' நூலின் பின்னிணைப்பாக அதை வெளியிட்டார். முப்படி வளைவரைகளை 72 வகைகளாகப் பிரித்தார். ஸ்டெர்லிங் 1717இல் மேலும் 4 வகைகளைச் சேர்த்தார்; பிறகு வேறு இருவர் ஆளுக்கொன்று சேர்க்க, எண்ணிக்கை 78 ஆனது.

எண்ணிக்கையைவிட அவர் பிரித்த விதம் முக்கியமானது. கிளைகள் முடிவிலியை நோக்கி எப்படிச் செல்கின்றன, எத்தனை தொலைத்தொடுகோடுகள் உள்ளன என்பதே முதல் அளவுகோல். வளைவரையின் நடுப்பகுதியை அவர் பிறகுதான் கவனித்தார். இன்றும் விகிதமுறு சார்பை வரையும்போது தொலைத்தொடுகோடுகளை முதலில் போடச் சொல்வது இந்த மரபின் தொடர்ச்சி.

அவர் வகைகளில் ஒன்றுக்குத் திரிசூலம் என்று பெயர். அதன் சமன்பாட்டில் கி-யும் நி-யும் பெருக்கப்பட்டு ஒரு முப்படிக் கோவைக்குச் சமமாக இருக்கும். கி-யால் வகுத்தால் அது ஒரு விகிதமுறு சார்பு. அதன் எளிய உறுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

நி = (கி³ + 1)/கி

வகுத்துப் பார்த்தால் இது கி² + 1/கி என்று இரண்டாகப் பிரிகிறது. ஈவு ஒரு பரவளையம். மீதி ஒரு அதிபரவளையம். இந்த இரண்டு பழைய அறிமுகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் போதும். கி மிகப் பெரிதாகும்போது 1/கி தேய்ந்துவிடும், ஆகவே வளைவரை பரவளையத்தை ஒட்டிச் செல்லும். வலப்பக்கம் அதற்குச் சற்று மேலே, இடப்பக்கம் சற்றுக் கீழே. கி சுழியை நெருங்கும்போது கி² தேய்ந்துவிடும், அதிபரவளையம் ஆட்சி செய்யும். வலப்பக்கம் வானத்தை நோக்கி, இடப்பக்கம் பாதாளத்தை நோக்கி. வலப்பக்கக் கிளை சுழியருகே மேலே, தொலைவிலும் மேலே. எனவே இடையில் ஓரிடத்தில் தாழ வேண்டும். கி ஏறத்தாழ 0.79 ஆகும்போது நி ஏறத்தாழ 1.89 ஆக அது தாழ்ந்து திரும்புகிறது. இடப்பக்கக் கிளை மேலிருந்து இறங்கி, கி = −1 என்ற இடத்தில் கிடையச்சை வெட்டிக்கொண்டு கீழே போகிறது. மேல்நோக்கிச் செல்லும் இரண்டு பரவளையக் கைகளும் நடுவில் நிற்கும் ஒரு கூர்க் கிளையும் சேர்ந்து மூன்று முனைகள் ஆவதால்தான் இந்தப் பெயர்.

இங்கே தொலைத்தொடுகோட்டின் இடத்தில் ஒரு பரவளையம் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாடநூல்கள் கிடைக்கோடு, சாய்கோடு என்பதோடு நிறுத்திக்கொள்வதால், ஈவு நேர்கோடாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. நியூட்டனின் காலத்திலேயே அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதே பட்டியலில் பாம்பு என்று நியூட்டன் பெயரிட்ட வளைவரையும் உண்டு. அதன் எளிய வடிவம் நி = கி/(கி² + 1). கி = 1 இல் அரை அளவு உயர்ந்து, கி = −1 இல் அரை அளவு தாழ்ந்து, இருபுறமும் கிடையச்சை நோக்கி அடங்கும். கிடையச்சு இதன் தொலைத்தொடுகோடு. ஆனால் வளைவரை அதே கோட்டை ஆதியில் குறுக்கே வெட்டுகிறது! தொலைத்தொடுகோட்டை வளைவரை ஒருபோதும் வெட்டாது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நல்ல மருந்து. 'ஒன்றுசேராதது' என்ற கிரேக்கப் பெயர் அதிபரவளையத்துக்குப் பொருந்தும், பாம்புக்குப் பொருந்தாது.

1748: ஒரே ஆண்டில் இரண்டு நூல்கள்

1748இல் லெயோனார்டு ஆய்லர் 'முடிவிலிப் பகுப்பாய்வுக்கு அறிமுகம்' என்ற இரண்டு பாக நூலை வெளியிட்டார். வளைவரைகளுக்கான இரண்டாம் பாகத்தில், முடிவிலிக் கிளைகளை ஒரு மாறியின் அடுக்கால் வகுத்த எளிய வடிவங்களோடு ஒப்பிட்டு வகைப்படுத்தினார். பகுதியில் உள்ள காரணி ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால் இரு கிளைகளும் கோட்டின் எதிரெதிர் முனைகளுக்குச் செல்லும். இரட்டைப்படை என்றால் ஒரே முனைக்குச் செல்லும் என்பது இத்தகைய ஒப்பீட்டிலிருந்து உடனே கிடைக்கும் விதி. நியூட்டனின் வகைகளை முடிவிலிக் கிளைகளை மட்டும் வைத்துப் பார்த்து அவர் 16 ஆகச் சுருக்கினார். 1750இல் கிரேமர் இதே பொருளில் ஒரு பெரிய நூலை எழுதினார். அணிக்கோவை விதியால் நம் மாணவர்களுக்குத் தெரிந்த அதே கிரேமர்.

அதே 1748இல் மிலான் நகரில் மற்றொரு நூல் வெளிவந்தது. 'இத்தாலிய இளைஞர்களின் பயன்பாட்டுக்கான பகுப்பாய்வுப் பாடங்கள்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் 30 வயதான மரியா கயேத்தானா அக்னேசி. மூன்று முறை மணந்த ஒரு செல்வந்தரின் 21 பிள்ளைகளில் மூத்தவர். இயற்கணிதம் தொடங்கி நுண்கணிதம் வரை, சிதறிக் கிடந்தவற்றை ஒரே ஒழுங்கில், தாய்மொழியான இத்தாலியத்தில் அவர் எழுதினார். கற்றவர் மொழி இலத்தீனாக இருந்த காலம் அது. ஆய்லரின் நூலும் இலத்தீனில்தான் இருந்தது. அக்னேசி நூலைப் பேரரசி மரியா தெரேசாவுக்குக் காணிக்கையாக்கினார். பேரரசி வைர மோதிரம் அனுப்பினார். 1750இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவரைப் போலோஞா பல்கலைக்கழகப் பணிக்கு அமர்த்தினார். அவர் அங்கே பாடம் நடத்தச் செல்லவில்லை. 1752இல் தந்தை இறந்தபின் கணிதத்தை விட்டு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்வதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1799இல் ஏழையாகவே இறந்தார்.

அந்த நூலில், வளைவரைகளை வரையும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக, ஒரு சிறிய இடத்தில், அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் வளைவரை வருகிறது. ஒரு வட்டத்தின் அடிப்புள்ளியிலிருந்து ஒரு கோடு வரைக. அது வட்டத்தை ஓரிடத்திலும், வட்டத்தின் உச்சியில் உள்ள தொடுகோட்டை ஓரிடத்திலும் வெட்டும். முதல் புள்ளியின் உயரத்தையும் இரண்டாம் புள்ளியின் கிடைத்தூரத்தையும் எடுத்து ஒரு புதிய புள்ளியைக் குறிக்க. கோட்டைத் திருப்பத் திருப்ப அந்தப் புள்ளி வரையும் பாதையே அது. அச்சுகளை இன்றைய வழக்கப்படி வைத்து, வட்டத்தின் விட்டத்தை வி என்று கொண்டால் சமன்பாடு

நி = வி³/(கி² + வி²)

கி-யின் அடையாளத்தை மாற்றினாலும் நி மாறாது; எனவே வரைபடம் நிலையச்சின் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். நடுவில் உயரம் வி. இருபுறமும் இறங்கி, உயரம் விட்டத்தின் முக்கால் பங்காகும் இடத்தில் வளைவின் திசை மாறி, பின் கிடையச்சை நோக்கி நீண்டுகொண்டே போகும். முடிவில்லாமல் நீளும் இந்த வளைவரைக்கும் கிடையச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு, தொடங்கிய வட்டத்தின் பரப்பைப்போல் சரியாக நான்கு மடங்கு. இதன் பரப்பை அக்னேசிக்கு முன்பே ஃபெர்மா ஆராய்ந்திருந்தார். இத்தாலியின் கிராந்தியும் ஆராய்ந்து, 'திரும்புவது' என்ற பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து ஒரு பெயரையும் வைத்திருந்தார். அந்தப் பெயரின் இத்தாலிய வடிவமான 'வெர்சியேரா' என்பதையே அக்னேசி கையாண்டார்.

சூனியக்காரி என்ற பெயர்

கேம்பிரிட்ஜின் பேராசிரியர் ஜான் கோல்சன் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நியூட்டனின் நுண்கணித நூலை 1736இல் ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. இத்தாலிய மொழியில் 'அவ்வெர்சியேரா' என்று கிட்டத்தட்ட அதே ஒலியுடைய மற்றொரு சொல் உண்டு. அது பெண்பேயைக் குறிக்கும். கோல்சன் தடுமாறினாரா, விளையாட்டாகச் செய்தாரா என்பது விவாதத்துக்குரியது. எப்படியோ, ஆங்கிலத்தில் அந்த வளைவரை 'அக்னேசியின் சூனியக்காரி' ஆகிவிட்டது. கோல்சன் 1760இல் இறந்தார். அவருடைய மொழிபெயர்ப்பு அச்சேறியது 1801இல்தான், அக்னேசி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரித்து வாழ்ந்த அந்த அம்மையார் தம் பெயரோடு ஒட்டிய இந்த அடைமொழியை அச்சில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆயிரம் பக்க அளவில் அவர் எழுதிய பாடநூலை இன்று சிலரே அறிவர். அரைகுறையாகப் பெயர்க்கப்பட்ட ஒரு சொல் உலகம் முழுவதும் பாடநூல்களில் இருக்கிறது.

தமிழில் இந்தப் பெயருக்கு இன்னொரு முரண் சேர்கிறது. சூனியம் என்றால் சுழி. ஆனால் இந்தச் சார்பின் பகுதியான கி² + வி² எந்த மெய்யெண்ணுக்கும் சூனியம் ஆவதில்லை. செங்குத்துத் தொலைத்தொடுகோடு கிடையாது, உடைப்பு கிடையாது. விகிதமுறு சார்புகளிலேயே இவ்வளவு சாதுவானது வேறில்லை என்று தோன்றும்.

அந்தச் சாதுத்தனத்தை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இதே வடிவத்தை ஒரு நிகழ்தகவுப் பரவலாக எடுத்துக்கொண்டால், எத்தனை அளவீடுகளின் சராசரியை எடுத்தாலும் பிழை குறைவதில்லை என்று புவாசோன் 1824இல் காட்டினார். 1853இல் கோசி இதே பரவலைக் கையாண்டார். இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1901இல் ஜெர்மானியர் கார்ல் ருங்கே மற்றொரு வியப்பைக் கண்டார். இந்த வளைவரைமேல் சம இடைவெளியில் புள்ளிகளைக் குறித்து, அவை அனைத்தின் வழியாகவும் செல்லும் பல்லுறுப்புக்கோவையை அமைத்தார். புள்ளிகளைக் கூட்டினால் ஒற்றுமை கூடவேண்டும் அல்லவா? நடுவில் கூடியது. ஓரங்களில் பல்லுறுப்புக்கோவை மேலும் கீழுமாக மேலும் மேலும் அதிகமாக அலைந்தது. காரணம் வரைபடத்தில் தெரியாத இடத்தில் இருந்தது. பகுதி மெய்யெண்களில் சுழியாவதில்லை, ஆனால் கற்பனை எண்களில் சுழியாகிறது. தாளில் வரைய முடியாத அந்த இரண்டு புள்ளிகள் தாளில் வரைந்த கோட்டை ஆட்டிவைக்கின்றன.

கட்டத்தாளும் கணிப்பானும்

இவ்வளவுக்குப் பிறகும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரைபடம் பள்ளி இயற்கணிதத்தில் இடம்பெறவில்லை. வளைவரை வரைதல் பல்கலைக்கழகப் பாடம். பெர்சிவல் ஃபிராஸ்ட் 1872இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1886இல் எடின்பரோவின் கிரிஸ்டல் தம் இயற்கணித நூலில் வரைபடங்களைச் சேர்த்தார். 1901இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் பொறியியலாளர் ஜான் பெர்ரி, கணிதக் கல்வியை மாற்ற வேண்டும் என்று வாதிட்டார். ஒவ்வொரு மாணவர் கையிலும் கட்டத்தாள் இருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. 1908இல் வெளிவந்த ஹார்டியின் 'தூய கணிதப் பாடம்' விகிதமுறு சார்புகளைத் தனியாக வரையறுத்து அவற்றின் வரைபடங்களைப் பயிற்சிகளாகத் தந்தது. இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டிதான் இவர்.

கட்டத்தாள் பரவியதில் ஒரு பின்விளைவும் இருந்தது. அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, அவற்றைச் சேர்த்தால் வரைபடம் வந்துவிடும் என்ற பழக்கம் வேரூன்றியது. நேர்கோட்டுக்கும் பரவளையத்துக்கும் அது போதும். 1/கி என்ற சார்புக்கு −2, −1, 1, 2 என்று நான்கு மதிப்புகளை எடுத்துப் புள்ளிகளைச் சேர்க்கும் மாணவர், மூன்றாம் கால்பகுதியிலிருந்து முதல் கால்பகுதிக்கு ஆதியின் வழியாக ஒரு கோட்டை இழுத்துவிடுவார். தேர்வுத்தாள் திருத்திய எவருக்கும் இந்தப் படம் பழக்கமானது.

1985இல் வரைபடம் காட்டும் முதல் கைக் கணிப்பான் சந்தைக்கு வந்தது. கணிப்பானும் புள்ளிகளைக் கணக்கிட்டு அடுத்தடுத்த புள்ளிகளைச் சேர்க்கிறது. பழைய கணிப்பான்களில் 1/கி போன்ற சார்பைக் கொடுத்தால், திரையின் அடியிலிருந்து உச்சி வரை ஒரு செங்குத்துக் கோடு தோன்றுவதுண்டு. அதைத் தொலைத்தொடுகோடு என்று எண்ணிப் பல மாணவர்கள் மகிழ்ந்தனர். உண்மையில் அது சுழிக்கு இடப்பக்கமுள்ள கடைசிப் புள்ளியையும் வலப்பக்கமுள்ள முதல் புள்ளியையும் இயந்திரம் சேர்த்துப் போட்ட கோடு. வளைவரைக்கு அங்கே எந்தப் புள்ளியும் கிடையாது. கீழே மறைவதையும் மேலே தோன்றுவதையும் எப்படி இணைப்பது என்று வாலிஸ் தவித்த அதே இடத்தில், இயந்திரம் தவிக்காமல் ஒரு கோட்டை இழுத்துவிட்டது.